சுற்றுலாக் கப்பலில் டிப்ஸ், சாப்பாடு, பில்: ஏறுவதற்கு முன் கேட்டுவிட வேண்டியவை

கேள்வி: டிக்கெட் எடுக்கும்போது 'எல்லாம் சேர்த்து' என்றார்கள். இப்போது பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தனியாக வருகிறது. இது கட்டாயமா? எடுத்துவிடச் சொல்லலாமா?

பதில்: 'எல்லாம் சேர்த்து' என்ற வார்த்தையில் பலரும் விழுந்துவிடுகிறார்கள், அதனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் டிப்ஸ் அல்லது சர்வீஸ் சார்ஜ் என்ற பெயரில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை உங்கள் கப்பல் கணக்கில், அதாவது கப்பலில் செய்கிற செலவெல்லாம் சேருகிற பில்லில், தானாகவே ஏறிவிடும். சூட் என்கிற பெரிய, விலை கூடிய அறை எடுத்தால் இன்னும் கூடும். இது கேபினுக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு. நான்கு பேர் ஒரே கேபினில் படுத்தாலும் நான்கு பேருக்கும் உண்டு. கைக்குழந்தைக்குச் சில நிறுவனங்கள் வாங்குவதில்லை, ஆனால் அந்த விலக்கு 2 அல்லது 3 வயதோடு சரி. ஒரு நாளைக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் 7 இரவுக்கு 504 டாலர் ஆகிறது. இரண்டு கப்பல்களின் டிக்கெட் விலையை ஒப்பிடுகிறவர்கள் இந்தத் தொகையைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஏனென்றால் பி அண்ட் ஓ குரூயிசஸின் பிரிட்டிஷ் கப்பல்களில் 2019 முதல் டிப்ஸ் டிக்கெட்டிலேயே அடங்கிவிட்டது, சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற விலை கூடிய நிறுவனங்களிலும் அப்படித்தான். பார்க்க மலிவாக இருக்கிற டிக்கெட் கடைசியில் மலிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கட்டாயமா என்றால், பெரும்பாலான நிறுவனங்களில் ரிசப்ஷனில் போய்ச் சொன்னால் குறைப்பார்கள், சிலவற்றில் முழுவதுமாகவே எடுத்துவிடுவார்கள். கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், வீட்டுக்கு வந்து கேட்டால் பலன் இருக்காது. ஆனால் எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பணம் உங்களுக்குப் பரிமாறுகிறவருக்கும் கேபினைச் சுத்தம் செய்கிறவருக்கும் மட்டும் போவதில்லை, நீங்கள் கண்ணால் பார்க்காத சலவைக்காரருக்கும் பாத்திரம் துலக்குகிறவருக்கும் சேர்த்துத்தான் பிரிகிறது. இவர்களில் பலருடைய ஒப்பந்தம் ஆறிலிருந்து ஒன்பது மாதம். அத்தனை மாதமும் வாரம் முழுக்க வேலை, முழு நாள் விடுப்பு என்பதே அநேகமாகக் கிடையாது. 2013-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் வேலை நேரத்துக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள், அந்த வரம்பே வாரத்துக்கு 72 மணி நேரம்! சம்பளத்தை நிறுவனம்தானே ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் உங்கள் டிப்ஸை எடுத்துவிட்டால் அந்த அடி நிறுவனத்தின் மேல் விழாது, துணி துவைக்கிறவர் மேல்தான் விழும்.

கேள்வி: தானாக ஏறுவதை எடுத்துவிட்டு, எங்களுக்கு வேலை செய்கிறவர்கள் கையிலேயே பணமாகக் கொடுத்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் நினைத்த மாதிரி நடக்காது. தானாக ஏறுவதை எடுத்துவிட்ட பயணிகள் கையில் கொடுக்கிற பணத்தையும், ஊழியர் எல்லாருக்கும் பிரிகிற பொதுக் கணக்கில் வாங்கியவர் சேர்க்க வேண்டும் என்று சில கப்பல்களில் விதியே இருக்கிறது. தானாக ஏறுவதை அப்படியே விட்டுவிட்டு, மனதுக்குப் பிடித்தவருக்கு மேலே கொஞ்சம் கையில் கொடுங்கள், அது அவருக்கே போய்ச் சேரும். சின்ன நோட்டுகளாகக் கொண்டு போங்கள், கப்பலில் சில்லறை மாற்ற வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று, காசு செலவில்லாதது: பயணம் முடிந்து வருகிற கருத்துப் படிவத்தில் அவருடைய பெயரை எழுதுங்கள். சட்டையில் குத்தியிருக்கிற பெயர் அட்டையைப் பார்த்து எழுத்துப் பிழை இல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அது உதவும்.

கேள்வி: பாரில் ஒவ்வொரு முறையும் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், நீங்கள் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பெரும்பாலான கப்பல்களில் பானங்களின் விலையோடு 18 முதல் 20 சதவீதம் வரை சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள். உங்களிடம் நீட்டுகிற சின்ன ரசீதை நன்றாகப் பாருங்கள். பானத்தின் விலை, அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ், அதற்குக் கீழே மொத்தம், அப்புறம் 'கூடுதல் டிப்ஸ்' என்று வெற்றாக ஒரு கோடு இருக்கும். பேனாவும் கையில் இருக்கும், பின்னால் ஆள் நிற்பார், அவசரத்தில் அந்தக் கோட்டில் ஏதோ ஒரு தொகையை எழுதிவிடுகிறோம். வெற்றாக விட்டால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டு மொத்தத்தைத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பானங்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கட்டிவிடுகிற பானப் பேக்கேஜ் வாங்கினாலும் இதே சதவீதம் பெரும்பாலும் அதன் மேல் தனியாக ஏறும். ஒரே கேபினில் இருக்கிற பெரியவர்களில் ஒருவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் எல்லாரும் எடுக்க வேண்டும் என்றும் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. உங்களில் ஒருவர் குடிக்கிறவர், மற்றவர் குடிக்காதவர் என்றால் அநேகமாக அது நஷ்டம்தான், பேக்கேஜ் இல்லாமல் வேண்டிய பானத்தை மட்டும் அவ்வப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவுச் சாப்பாட்டுக்கு 'முதல் பந்தி', 'இரண்டாம் பந்தி', 'எப்போது வேண்டுமானாலும்' என்று மூன்று வழி கேட்கிறார்கள். எதை எடுப்பது? தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவார்களா?

பதில்: குழந்தைகளும் வயதானவர்களும் கூட இருந்தால் முதல் பந்தி, அது பெரும்பாலும் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கும். அதில் ஒரு சிக்கல் உண்டு: கப்பல் கரையில் நிற்கிற நாளில் ஊர் சுற்றிவிட்டு ஓடி வந்து, குளித்தும் குளிக்காமலும் மேசைக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டாம் பந்தி எட்டு, எட்டரைக்கு. நேரம் குறிக்காத வழியில் சுதந்திரம் அதிகம், ஆனால் கூட்டமான நேரத்தில் காத்திருக்க வேண்டும், அதோடு தினம் வேறு வேறு வெயிட்டர் வருவார். எனக்குப் பிடித்தது நேரம் குறித்த பந்திதான். மூன்றாம் நாளுக்குள் உங்களுக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று அந்த வெயிட்டருக்குத் தெரிந்துவிடும், அந்த வசதிக்கு ஈடே இல்லை.

தெரியாதவர்களோடு உட்கார வைத்து, அந்த மேசை பிடிக்கவில்லை என்றால் ஏறின அன்று மதியமே சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளரைப் போய்ப் பாருங்கள். அன்று மாற்றுவார்கள். இரண்டாம் நாளுக்கு மேல் கஷ்டம்.

கேள்வி: நாங்கள் சைவம். ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வேறு. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் போதாது. டிக்கெட் எடுத்ததுமே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய பதிலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு தலைமை வெயிட்டரிடம் நேரில் ஒரு முறை சொல்லுங்கள். பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, உங்களுக்கு ஆகாததைத் தவிர்த்துத் தனியாகச் செய்து தருவார்கள். கேட்டால்தான் கிடைக்கும், அதனால் கூச்சப்படாதீர்கள். 'சைவம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் வேண்டாம்: காய்கறி சூப் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா, இனிப்பில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கிறதா, முட்டை சேருமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவரைப் பஃபே பக்கம் தனியாக விடாதீர்கள். ஒரு தட்டில் இருக்கிற கரண்டியை எடுத்து யாரோ அடுத்த தட்டில் போட்டுவிட்டுப் போவதை நீங்களே பார்க்கலாம்.

பஃபே என்றதும் இன்னொன்று. வாசலில் கை சுத்தம் செய்கிற ஜெல் வைத்திருப்பார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். கப்பலில் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்புகிற நோரோவைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: மெயின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே வேளைக்கு இரண்டு மெயின் ஐட்டம் கேட்டால் காசு வாங்குவார்களா?

பதில்: இரண்டுக்கு வாங்குவது அபூர்வம். மூன்றாவதுக்கு வாங்குகிற நிறுவனம் உண்டு. மெனுவின் ஓரத்தில் விலை போட்டிருக்கிற ஐட்டம் எப்போதும் தனிக் காசுதான்.

கேள்வி: கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்கலாமா? கடைசி நாள் பில் பெரிதாக வந்தால் என்ன செய்வது?

பதில்: கிரெடிட் கார்டு இருந்தால் அதையே கொடுங்கள். கப்பலில் நீங்கள் செலவு செய்யச் செய்ய அந்தத் தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் நிறுத்தப்படுவது உங்கள் சொந்தப் பணம், பயணம் முடிந்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். உங்கள் நாட்டுப் பணத்திலேயே மாற்றிக் கணக்குப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

பில்லைக் கடைசி நாள் வரை விடாதீர்கள். நான் ஒரு முறை விட்டேன். இறங்குகிற அன்று காலை பார்த்தால் ஆறு தண்ணீர்ப் பாட்டிலுக்குக் காசு. கேபின் மேசையில் கழுத்தில் சின்னச் சீட்டு மாட்டி வைத்திருந்தார்கள், சும்மா கொடுத்தது என்று நினைத்துத் தினம் ஒன்று திறந்தோம். சீட்டில் விலை இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை, அதனால் அது எங்கள் தவறு. ஆனால் அதே பில்லில் நாங்கள் போகாத ஓர் உணவகத்தின் கட்டணமும் இருந்தது, அதை நீக்கச் சொல்ல ரிசப்ஷனுக்குப் போனால் வரிசை மாடிப்படி வரை நின்றது. ஒரு மணி நேரம் போனது. இப்போதெல்லாம் கப்பலின் ஆப்பிலோ கேபின் டிவியிலோ தினமும் இரவு பார்த்துவிடுகிறேன், தப்பு இருந்தால் கூட்டம் இல்லாத அந்த நேரத்திலேயே போய்ச் சொல்கிறேன். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்தால் பேசுவது சுலபம்.

கேள்வி: இறங்குகிற அன்று காலைச் சாப்பாடு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், ரூம் சர்வீஸும் அன்று பெரும்பாலும் இருக்காது. பெரிய பெட்டிகளை முந்தின இரவே கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் போடுகிற துணி, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் நான்கையும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள்.