கொலோன் பால்கனிகளில் இருந்த டிஷ்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் கொலோன் நகரில் நீங்கள் இருந்த நாட்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், துருக்கியர் வீட்டு பால்கனிகளில் டிஷ் வரிசையாக இருந்ததையும் அதில் துருக்கி அரசின் சேனல் ஓடியதையும் பாசத்தோடு எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஓர் அரசு மக்கள் பணத்தில் டிவி நடத்துவது வெறும் பிரசாரம்தானே? அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

கே., கோவை

அன்புள்ள கே.,

யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பார்த்தவர்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

1999 ஆகஸ்ட் 17 விடியற்காலை துருக்கியின் இஸ்மித் பக்கம் பூகம்பம். பதினேழாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் கீழ் வீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் அடாபசாரி, அங்கும் பெரிய சேதம். போன் லைன் கிடைக்கவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அந்த அரசு சேனலின் முன்னால் இருந்தார். கேமரா ஏதாவது ஒரு தெருவைக் காட்டும்போதெல்லாம் எழுந்து திரைக்கு ஒட்டிப் போய், இடிந்த கட்டடத்தில் தொங்கும் கடைப் பலகைகளைப் படிப்பார், தங்கை வீட்டுத் தெருவா என்று. ஜெர்மன் சேனல்களும் பூகம்பத்தைக் காட்டின, ஆனால் இரண்டு நிமிடத்தில் அடுத்த செய்திக்குப் போய்விட்டன.

1961ல் துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தின்படி ஜெர்மனிக்கு ஆலை வேலைக்கு வந்த துருக்கியர்கள் கொஞ்ச காலத்தில் திரும்பிவிடுவார்கள் என்றுதான் இரண்டு அரசுகளும் நினைத்தன. பலர் திரும்பவில்லை. 1964ல் கொலோன் வானொலி தொடங்கிய துருக்கி மொழி நிகழ்ச்சி, அப்புறம் எண்பதுகளில் வாடகை வீடியோ கேசட், பல வருடம் அவர்களுக்கு இருந்தது அவ்வளவுதான். 1990ல் துருக்கி அரசின் ஒளிபரப்பு நிறுவனமான டிஆர்டி, ‘டிஆர்டி-இன்ட்’ என்று அவர்களுக்காகவே ஒரு சேனல் தொடங்கியது. அதே நிறுவனம் 2015ல் ஆங்கிலத்தில் தொடங்கிய டிஆர்டி வேர்ல்ட் வேறு ரகம். அது அந்நியருக்குத் தன் தரப்பைச் சொல்ல வந்த சேனல், அதைப் பிரசாரம் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மக்கள் பணம் என்றீர்கள். சரிதான், துருக்கியில் பல ஆண்டுகள் கரண்ட் பில்லிலேயே டிஆர்டிக்கு ஒரு பங்கு பிடித்தார்கள். ஆனால் துருக்கிக் கிராமங்களுக்கு மாதாமாதம் ஜெர்மன் மார்க் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது இந்தக் கொலோன்காரர்கள்தானே.

டிஷ் வைப்பதும் லேசில் நடக்கவில்லை. சுவர் அழகு கெடும் என்று வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள், வழக்கு ஏறியது. 1994ல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு துருக்கிய வாடகைதாரரின் வழக்கில், தாய்நாட்டுச் சேனலைப் பார்க்க ஒருவருக்கு இருக்கும் தேவையைக் கணக்கில் எடுக்காமல் டிஷ்ஷை மறுக்க முடியாது என்றது. சுவரைவிட அந்த மனிதனின் மொழியைப் பெரிதாக எண்ணிய அந்தத் தீர்ப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஆனால் அந்த அரசு சேனலிடம் எனக்குக் கோபமும் உண்டு. எங்கள் மேல் தளத்தில், தனி மொழி பேசும் குர்து இனத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களும் துருக்கிக் குடிமக்கள்தான், அதே ஆலை வேலைக்கு வந்தவர்கள்தான். அந்த வீட்டுப் பாட்டிக்குத் துருக்கி மொழி தெரியாது. அப்போது துருக்கியில் குர்து ஒளிபரப்புக்கே தடை இருந்ததால் ‘உங்களுக்காக’ என்று வந்த சேனலில் அவருக்கு ஒரு சொல்கூட இல்லை. 1995ல் லண்டனிலிருந்து தொடங்கிய குர்து சேனலான மெட் டிவியைத்தான் பார்ப்பார். பாட்டு வந்தால் கூடவே முணுமுணுப்பார். 1999ல் அதன் உரிமத்தை பிரிட்டன் ரத்து செய்தது. அதற்குப் பிறகு ஒருநாள் நான் மேலே போனபோது டிவி அணைந்திருந்தது, பாட்டி அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தன் ஆட்களுக்கென்று ஓர் அரசு சேனல் நடத்தினால் அந்தப் பாட்டியும் அதன் கணக்கில் இருக்க வேண்டும். என் எதிர்ப்பெல்லாம் அதில்தான், செலவில் இல்லை.

2009 ஜனவரி 1ஆம் தேதி டிஆர்டி முழுநேரக் குர்து சேனல் தொடங்கியது. நான் அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன். மேல் வீட்டுப் பாட்டியின் மகனுக்குப் போன் போட்டு, பார்த்தீர்களா என்று கேட்டேன். “பார்த்தேன். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது” என்றார்.