கிளப் ஹவுஸ் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் 1,600 சதுர அடி ஃப்ளாட் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். நீச்சல் குளம், ஜிம், மினி தியேட்டர், விருந்தினர் அறை என்று நிறைய வசதிகளைச் சொல்கிறார்கள். அதனாலேயே விலையும் கூடுதல். என் மாமனார், மாமியாரும் எங்களோடு வந்து இருக்கப்போகிறார்கள். இந்த வசதிகளுக்காக அதிகம் கொடுப்பது சரியா?

பதில்: புக்கிங் தொகையைக் கட்டுவதற்கு முன் விற்பனைப் பிரிவில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வசதிகளெல்லாம் அடங்கிய கிளப் ஹவுஸ் யாருக்குச் சொந்தம்? ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், குடியிருப்போருக்கான பொது வசதிகளையும் பொதுப் பகுதிக்குள்தான் சேர்க்கிறது. பொதுப் பகுதியைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் கிளப் மட்டும் பில்டர் கையிலேயே இருந்து, உங்களுக்கு வெறும் உறுப்பினர் அட்டை கிடைக்கிற ஏற்பாடுகளும் உண்டு. அப்படியானால் சந்தாவை எவ்வளவு உயர்த்துவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் இது என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பாருங்கள். பல கட்டங்களாகக் கட்டும் திட்டமென்றால், கிளப் எந்தக் கட்டத்தில், எந்தத் தேதிக்குள் முடியும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கடைசிக் கட்டம் என்றால் உங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகும் வயதைக் கடந்துவிடுவார்கள்.

வண்ணப் பிரசுரத்தையும் விளம்பரத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் சொன்னது பொய்யாகி நீங்கள் திட்டத்திலிருந்து விலகினால், கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்க ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு திட்டத்தின் விவரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது மாதச் செலவு. இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு மாதம் 8,000 ரூபாய். கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். முழுத் தொகைக்கும் வரி போட்டால் 9,440 ரூபாய். நீங்கள் குளத்தில் கால் நனைக்காவிட்டாலும் இதைக் கட்டியாக வேண்டும். இந்த 1,600 சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், கிளப் ஆகியவற்றின் பங்கும் கலந்திருக்கலாம். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் பரப்பு, எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மினி தியேட்டருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். லிஃப்டுக்கும் வீட்டுக்குள்ளும் ஜெனரேட்டர் இணைப்பு, ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட், வழுக்காத நடைபாதை, நிழல் — இவற்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஓ.எம்.ஆரில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகள் ஏராளம். ஏப்ரல், மே மாதங்களில் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

அதே பில்டர் ஐந்தாறு வருடங்களுக்கு முன் முடித்துக்கொடுத்த குடியிருப்பு ஒன்றுக்கு ஞாயிறு மாலை மாமனார், மாமியாரோடு போய் வாருங்கள். குளத்துத் தண்ணீர் எப்படி இருக்கிறது, ஜிம்மில் எத்தனை கருவிகள் ஓடுகின்றன என்று பாருங்கள். பிற்காலப் பெரிய பராமரிப்புச் செலவுகளுக்காக வீடு வாங்குவோரிடம் பில்டர் முன்கூட்டியே வசூலிக்கும் கார்பஸ் நிதி முழுதாகச் சங்கத்தின் கைக்கு வந்ததா என்று அதன் செயலாளரிடம் விசாரியுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு புக்கிங் தொகையைக் கட்டலாம்.