மஞ்சளும் கடற்பாசியும் மூட்டு வீக்கத்தைக் குறைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. ஒரு வருடமாகக் கை விரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகளில் வீக்கம். ஆங்கில மருந்துக்குப் போகாமல் மஞ்சள், கடற்பாசி, உணவு முறை இவற்றாலேயே நாள்பட்ட அழற்சியைக் குறைக்க முடியுமா?

பதில்:

"ஆங்கில மருந்துக்குப் போகாமல்" என்பதைப் படித்த பிறகு பேசாமல் கடந்து போக முடியவில்லை. என் வலது கை மோதிர விரல் இன்றைக்கும் முழுதாக நீளாது. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கும் மகன் என்று நினைத்துக்கொள்கிறேன். மகளாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மா போனில் "ஒண்ணுமில்லப்பா, லேசா கடுக்குது" என்று சொல்லியிருப்பார். நீங்கள் நாலு வீடியோ பார்த்துவிட்டு இங்கே வந்திருப்பீர்கள். தப்பில்லை. நானும் அதே வழியில்தான் போனேன், அப்போது வீடியோவுக்குப் பதிலாகத் தெருவே வைத்தியம் சொன்னது.

எனக்குப் பாம்பன் பக்கம். தையல் வேலை. வயது 47. 2016 ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தோசைக் கரண்டி பிடிக்க முடியாது, தலை பின்ன முடியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தளரும். ரவிக்கைத் துணி வெட்டும் கத்தரி கையில் நிற்காமல் இரண்டு தடவை காலில் விழுந்தது. மாமியார், "சிக்குன்குனியா வந்த உடம்பு, அந்த மிச்சம்தான்" என்றார். 2006ல் ஊரே குனிந்து நடந்த காலம் அவருக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்கு எது வலித்தாலும் அவருக்கு அதன் மிச்சம்தான்.

முடக்கத்தான் ரசம் குடித்தேன். பிரண்டைத் துவையல் தின்றேன், முதல் நாள் புளி போதாமல் அரைத்து நாக்கு அரித்து அழுதேன். வாதநாராயணன் இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய், நொச்சி இலை ஒத்தடம், உச்சி வெயிலில் கடற்கரை மணலில் காலைப் புதைத்து உட்கார்வது, எல்லாம் ஆயிற்று. எதையும் குறை சொல்ல மாட்டேன். நொச்சி ஒத்தடம் வைத்தால் அரை மணி நேரம் சுகம். இன்றைக்கும் வைக்கிறேன். ஆனால் அந்த அரை மணி நேரம்தான்.

பிறகு வந்தது பொடி. வாரச் சந்தையில் ஒருவர் பாய் விரித்து வேர், பட்டை, சங்கு எல்லாம் பரப்பி வைத்திருப்பார். "நூறு சதம் மூலிகை, பக்கவிளைவே கிடையாது" என்று பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டலம் தந்தார். தேனில் குழைத்துக் காலையும் இரவும் சாப்பிட வேண்டும். பொய் சொல்லவில்லை, மூன்றாம் நாள் காலை எழுந்து கையை மூடினேன், மூடியது. விரித்தேன், விரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மூடி மூடிக் காட்டினேன். எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேரை அந்த ஆளிடம் அனுப்பி வைத்தது நான்தான். அந்தப் பாவம் எனக்கு உண்டு.

எட்டு மாதம் சாப்பிட்டேன். முகம் பௌர்ணமி மாதிரி உருண்டது. "சதை போட்டு இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே" என்றார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். தையல் மிஷின் விளிம்பில் லேசாக இடித்தாலே கையில் ஊதா நிறத்தில் கன்றிப் போகும். ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பேன். அப்புறம் அந்த ஆள் இரண்டு வாரம் சந்தைக்கு வரவில்லை. பொட்டலம் தீர்ந்த நாலாம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. மூட்டு ஒவ்வொன்றும் பழைய வலியை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 340. எனக்கு அதுவரை சர்க்கரை நோயே கிடையாது.

டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததுமே கேட்ட முதல் கேள்வி, "என்ன பொடி சாப்பிட்டீங்க?" அதில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருப்பார்கள் என்றார். பொடியைச் சோதனைக்கு அனுப்பவில்லை, அதனால் நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உருண்டை முகம், ஏறிய சர்க்கரை, கன்றும் தோல், நிறுத்தியதும் விழுந்தது, நாலும் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். என்னை மாத்திரை கொடுத்துப் படிப்படியாகத்தான் இறக்கினார்கள். உங்கள் அம்மா ஏற்கெனவே ஏதாவது பொடியோ பெயர் ஒட்டாத மாத்திரையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே நிறுத்திவிட வேண்டாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

"சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறாள்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு ஒன்று. பட்டம் படித்த சித்த மருத்துவர் அரசு ஆஸ்பத்திரியிலேயே தனிப் பிரிவில் இருக்கிறார். நான் போனது அவரிடம் இல்லை, சந்தையில் பாய் விரித்தவரிடம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நீங்கள்தான், நான் இல்லை.

ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து முடக்குவாதம் என்றார்கள், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். மூட்டின் உள்ளுறை அழற்சியில் தடித்துப் போய்ப் பக்கத்து எலும்பை அரிக்கும். எனக்கு மோதிர விரலில் அரித்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: வலி குறைவது வேறு, அரிப்பு நிற்பது வேறு. பொடி வலியை மறைத்த எட்டு மாதமும் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. முதல் வருடத்திலேயே சரியான மருந்து தொடங்கியிருந்தால் அந்த விரல் நேராக இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நான்தான் அவர் முகத்தில் படித்துக்கொண்டேன்.

இப்போது நான் எடுப்பது மெத்தோட்ரெக்சேட், முடக்குவாதத்தை அடக்கும் மருந்து. வாரத்தில் ஒரே ஒரு நாள். எங்கள் வீட்டில் அதற்குச் சனிக்கிழமை மாத்திரை என்று பெயர், காலண்டரில் மகன் வட்டம் போட்டு வைப்பான். தெரியாமல் தினமும் தின்றால் உயிருக்கு ஆபத்து. வேறு ஒரு நாளில் ஃபோலிக் ஆசிட். ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை. தொடங்கியதும் ஒன்றும் தெரியாது, எனக்கு இரண்டு மாதம் தாண்டித்தான் காலையில் விரல் மடங்கியது. பொடி மூன்று நாளில் செய்ததை இது இரண்டு மாதத்தில் செய்ததால் அதையும் பாதியில் விடப் பார்த்தேன். மகன் விடவில்லை.

சரி, உணவுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதே அதைத்தானே.

எங்கள் கரையில் சூடை, மத்தி, காணாங்கெளுத்தி மலிவு மீன். விருந்தாளி வந்தால் வைக்க மாட்டோம். ஆனால் மூட்டு வீக்கத்துக்கு உணவில் எது உதவும் என்று ஆராய்ந்ததில் உருப்படியாகத் தேறியது இந்த மீன்களின் கொழுப்புதான், ஒமேகா 3. அழற்சியைத் தூண்டும் பொருள்களை உடம்பு வேறு ஒரு கொழுப்பிலிருந்து தயாரிக்கிறது. ஒமேகா 3 அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் உற்பத்தி குறையும். முடக்குவாதக்காரர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் எண்ணெயாகவும் காப்ஸ்யூலாகவும் கொடுத்துப் பார்த்ததில் காலை இறுக்கமும் வலி மாத்திரைத் தேவையும் குறைந்தன. நூறு கிராம் மத்தியில் இருப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேலேயோ கீழேயோ. அதனால் மீன் தின்று மருந்தை ஈடுகட்ட முடியாது. மருந்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். நான் வாரம் நாலு நாள் குழம்பாகத்தான் வைக்கிறேன். பாமாயிலில் முறுகப் பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் எண்ணெய்ச் சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வந்துவிடும். கருவாட்டை ரொம்பக் குறைத்துவிட்டேன், உப்பு.

மஞ்சள். குழம்பில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் அழற்சியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் பொருளான குர்குமின் மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அரைத் தேக்கரண்டி தூளில் ஐம்பது மில்லிகிராம் கூடத் தேறாது. மூட்டுவலி ஆய்வுகளில் கொடுப்பது ஆயிரம் மில்லிகிராம் கணக்கில். மிளகு சேர்த்தால் 20 மடங்கு உறிஞ்சும் என்று வரும் ஃபார்வர்டு பொய் இல்லை, 1998ல் பெங்களூரில் சில ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அதில் கொடுத்தது பிரித்தெடுத்த குர்குமினும் மிளகின் காரப் பொருளான பைப்பரினும், ரசம் இல்லை. அதே ஜோடியை அடர் காப்ஸ்யூலாகச் சாப்பிட்டுச் சிலருக்கு ஈரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. நான் ஏற்கெனவே ஈரலைக் கவனிக்கச் சொல்லும் மாத்திரையில் இருக்கிறேன், அதனால் டப்பா மஞ்சள் பக்கம் போவதில்லை.

இப்போது என் மானம் போன கதை. மருந்தும் மீனுமாக நான் தேறி வந்த பிறகு எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. கொழுந்தன் விசைப்படகில் போகிறவர். ஒரு நாள் கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்தினார். "வீக்கம்தானே, மதினி இருக்கேன்" என்று வேளாவேளைக்குச் சூடைக் குழம்பு, நெத்திலி அவியல். மூன்றாம் நாள் மற்ற காலும் வீங்கிவிட்டது. பரிசோதனையில் யூரிக் ஆசிட் ஏகத்துக்கு. அது கௌட், யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கம். அந்த நோய்க்குக் குறைக்கச் சொல்லும் மீன் எது தெரியுமா? மத்தி, சூடை, நெத்திலி. எனக்கு மருந்துபோல இருந்தது அவருக்கு நெருப்பில் ஊற்றிய எண்ணெயாகிவிட்டது. அவர் பீர் குடித்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் வாதாடுகிறேன். ஆனால் அவர் கடலுக்குப் போகாத பத்து நாளும் குடும்பத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அதனால்தான் உங்களுக்கு உணவுப் பட்டியல் தர மறுக்கிறேன். வீக்கம் என்பது நோயின் பெயர் இல்லை. 56 வயதில் முழங்கால் மட்டும் என்றால் தேய்மானம் என்று நினைக்கலாம். விரலும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகி இருந்தால் அது என் வீட்டு நோய். ஒரே மூட்டில் ராத்திரியோடு ராத்திரியாக வந்தால் கொழுந்தன் நோய். அழற்சி இருக்கிறதா என்று பார்க்க ஈஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்துக்கு ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, கௌட்டுக்கு யூரிக் ஆசிட், கூடவே எக்ஸ்ரே என்று டாக்டர் எழுதித் தருவார். ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்று வந்தாலும் முடக்குவாதம் இருக்கலாம், சீட்டை நீங்களே படித்து முடிவு கட்ட வேண்டாம். வாதநோய் சிறப்பு மருத்துவரைப் பார்க்க எங்களுக்கு மதுரைதான். காலைப் பஸ் பிடித்தால் ராத்திரி திரும்பலாம். சிரமம்தான், ஒரு நாள் சிரமம்.

கடற்பாசி என்று எழுதியிருந்தீர்களே, அதில் எனக்கு வேறு ஒரு எரிச்சல் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா பாசி எடுத்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் போல, விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறித்து வருவார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்காவுக்குள். அதனால் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அந்தப் பெண்களுக்கு எப்போதும் ஒரு பயம். பவளப்பாறை கிழித்த தழும்பு அம்மாவின் இரண்டு முழங்காலிலும் இருக்கிறது. உலர்த்திக் கட்டிய மூட்டைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. அதே பாசி பச்சைப் பொடியாகி, கண்ணாடி டப்பாவில், "கடலின் அற்புதம்" என்று மதுரைக் கடையில் இருந்ததைப் பார்த்தேன். அந்த விலைக்கு அம்மா ஒரு வாரம் மூழ்கியிருக்க வேண்டும். அதை வாங்கி மூட்டுவலி போக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுத்தவளுடைய மூட்டுக்கு யார் என்ன செய்தார்கள் என்று அந்த டப்பாவில் எழுதவில்லை.

கேள்விக்கு வருகிறேன். மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பாசியிலிருந்து மூட்டுவலிக்கு ஒரு காப்ஸ்யூல் உருவாக்கியிருக்கிறது, அது உண்மை. அது குறிப்பிட்ட பொருளைப் பிரித்து அளவாக அடைத்தது. கடைப்பொடி அது இல்லை. அம்மா பறித்த பாசியை நாங்கள் யாரும் வைத்தியத்துக்கென்று தின்றதில்லை. கீழக்கரைப் பக்கத் தோழி நோன்பு நேரத்தில் கடல்பாசி காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்து வில்லை போட்டு அனுப்புவாள், ஜில்லென்று தொண்டையில் இறங்கும். அதை ருசிக்குச் சாப்பிடுங்கள். அம்மாவுக்குத் தைராய்டு இருந்தால் பாசிப் பொடிகளில் அயோடின் எவ்வளவு என்று கேட்காமல் தொட வேண்டாம்.

பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே பதில் போடுங்கள். என் சூடைக் குழம்பின் பக்குவத்தைப் பலர் கேட்டிருக்கிறார்கள், உங்களுக்கும் தருகிறேன். ஆனால் முதலில் அம்மாவுடைய யூரிக் ஆசிட் எவ்வளவு என்று சொல்லுங்கள். கொழுந்தன் இதைப் படிப்பார்.