கேள்வி பதில்: கருப்பு பெயிண்ட் இல்ல, சூளை தந்தது

கேள்வி: என் மக ஸ்கூல் புக்குல கிரீஸ் நாட்டுப் பானை போட்டோ இருந்துச்சு, சிவப்பு மண்ணு மேல கருப்பா ஆளுங்க, குதிரைங்க. எங்கப்பா வேளார், கடம் பானை எல்லாம் சுட்டவரு. பாத்துட்டு "இது பெயிண்ட் இல்லம்மா, சூளையில ஏதோ வேலை பண்ணிருக்காங்க"ங்குறாரு. சரியா?
- வாசகி, மானாமதுரை

பதில்: நூத்துக்கு நூறு சரிம்மா. வெறும் போட்டோவப் பாத்து இதக் கண்டுபிடிச்சாருன்னா எத்தன வருஷம் சூளை முன்னாடி நின்னிருப்பாரு, அவரு கைக்கு ஒரு கும்பிடு.

அந்தக் கருப்பும் மண்ணுதான். இரும்புச்சத்து உள்ள களிமண்ண தண்ணியில கரைச்சு, கரடெல்லாம் அடியில தங்கவிட்டு, மேல நிக்கிற நைஸான வண்டல மட்டும் எடுத்து அதுல படம் போட்டாங்க. அப்புறம் சூளையில மூணு கட்டம். மொதல்ல காத்து நல்லா போக விட்டு எரிப்பாங்க, எல்லாம் சிவப்பாகும். அடுத்து காத்து வழிய அடைச்சு பச்சை விறகப் போட்டு புகைய விடுவாங்க, சூடு 900 டிகிரி கிட்ட ஏறும், மொத்தப் பானையும் கருத்துரும், படம் போட்ட நைஸ் மண்ணு மட்டும் லேசா உருகி கண்ணாடி கணக்கா இறுகிக்கும். கடைசியா திரும்பக் காத்த விட்டா பானை உடம்பு பழையபடி சிவந்துரும், ஆனா இறுகின இடத்துக்குள்ள காத்து நுழையாதுல்ல, அங்க கருப்பு கருப்பாவே நின்னுரும். மூணும் ஒரே சூளை, ஒரே தடவை. தெர்மாமீட்டர் இல்லாத காலம், எப்ப அடைக்கணும் எப்ப தொறக்கணும்னு நெருப்போட நிறத்த வச்சுதான் முடிவு பண்ணிருக்கணும், நேரம் தப்புனா படமெல்லாம் பாழு.

முடிஞ்சா அப்பாவ கீழடி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க இருக்க கருப்பு சிவப்புப் பானைங்க கவுத்து வச்சு சுட்டது, காத்து படாத உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கருப்பு, பட்ட இடம் சிவப்பு. முறை வேற, ஆனா ரெண்டு ஊர்லயும் காத்த அடக்கித்தான் நிறத்த வர வச்சிருக்காங்க, இத அப்பா வாயால உங்க மக கேக்கணும்.

கேள்வி: அந்தப் பானைல என்ன கதை வரைஞ்சிருப்பாங்க? ஒன்னு சொல்லுங்களேன்.
- வாசகர், மதுரை அண்ணாநகர்

பதில்: ஒன்னே ஒன்னுன்னா எக்சேகியாஸ்ங்குற கிரேக்கக் குயவன் வரைஞ்சத சொல்லுவேன். கி.மு. 540-530 வாக்குல ஏதென்ஸ்ல செஞ்ச ஜாடி, இப்ப வாடிகன் மியூசியத்துல இருக்கு. கிரேக்கக் கதையில வர்ற ட்ராய் போருக்கு நடுவுல அக்கிலீஸ், அயாக்ஸ்னு ரெண்டு கிரேக்க வீரருங்க ஒரு பலகை மேல குனிஞ்சு விளையாடுறாங்க, நம்ம தாயம் மாதிரின்னு வைங்க, ரெண்டு பேரு கையிலயும் ஈட்டி இருக்கு, அத ஓரமா வைக்கக்கூட இல்ல. வாய்கிட்ட எழுத்து வேற இருக்கு, அக்கிலீஸ் "நாலு"ங்குறான், அயாக்ஸ் "மூணு"ங்குறான். அவ்வளவுதான் படம். ஆனா கதை தெரிஞ்சவங்களுக்கு நெஞ்சு கனக்கும், ஏன்னா அக்கிலீஸ் அந்தப் போர்லயே செத்துருவான், அவன் கவசம் தனக்கு வரலேங்குற அவமானத்துல அயாக்ஸ் தன் வாள் மேலயே விழுந்து உயிர விட்டுருவான். அதையும் எக்சேகியாஸ் வேற ஒரு ஜாடில வரைஞ்சிருக்கான், தனியா குனிஞ்சு வாள மண்ணுல நட்டுக்கிட்டிருக்க அயாக்ஸ், பக்கத்துல ஒரு மரம், வேற யாருமில்ல. சாவ வரையாம அதுக்கு முந்தின நிமிஷத்த வரைஞ்சான் பாருங்க, அதுக்காகவே அவன் எனக்கு ரொம்பப் பெரிய ஆளு.

தாயம் ஆடுற ஜாடில "எக்சேகியாஸ் என்னைச் செஞ்சு வரைஞ்சான்"னு அந்த ஜாடியே பேசுற மாதிரி எழுதி வச்சிருக்கான். போர்வை பூவேலை, தலைமுடி சுருள் எல்லாம் கருப்பு மேல ஊசி மாதிரி கருவியால கீறினது. பின்னாடி கி.மு. 525 வாக்குல இத தலைகீழாத் திருப்பி பின்னணி கருப்பு, ஆளுங்க சிவப்புன்னு பிரஷ்ல கோடு போட ஆரம்பிச்சாங்க.

கேள்வி: இந்த மாதிரி படம் போட்ட பானை வைகைக் கரைக்கு வந்துச்சா?
- கல்லூரி மாணவர், திருப்புவனம்

பதில்: இல்ல தம்பி. அந்தப் படப்பானைங்க கி.மு. 300 வாக்குலயே நின்னு போச்சு. வைகை கடல்ல சேர்ற பக்கம் அழகன்குளத்துல கிடைச்சது அதுக்கப்புறம் ரோமானியர் காலத்துல ஒயின் வந்த ஜாடிங்களோட ஓடுங்க, அதுல கதை எதுவும் இருக்காது. ஆனா அதே அழகன்குளத்துல கிடைச்ச ஒரு ஓட்டுல யாரோ ஒரு கப்பலக் கீறி வச்சிருக்காங்க, அதப் போய்ப் பாருங்க.