டீசல் வானுக்குப் பெற்றோல் அடித்துவிட்டார்கள்: செலவு யாருடையது?

கேள்வி: நிலாவெளியிலிருந்து ஹயர் ஓடுகிறேன். என்னுடையது கேடிஎச் டீசல் வான். போன கிழமை திருகோணமலை டவுனில் ஒரு பெற்றோல் செட்டில் 'ஃபுல் பண்ணுங்க' என்று சொல்லிவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன். காசைக் கொடுத்து பில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன், பார்க்கவில்லை. உப்புவெளி தாண்டும்போது இழுவை குறைந்து, இயந்திரம் தட்டத் தொடங்கி, நின்றேவிட்டது. தாங்கியில் பாதிக்கு மேல் பெற்றோல். பம்ப், நான்கு இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்று கராஜில் பெரிய தொகை சொல்கிறார்கள். செட்காரர், 'நீங்கள் டீசல் என்று சொல்லவில்லையே' என்கிறார். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. யாரிடம் கேட்பது?

பதில்: இதை வாசித்து முடிக்கும் முன்பே கராஜுக்கு ஒரு போன் போடுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரையும், தாங்கியிலிருந்து இறக்கிய எண்ணெயில் ஒரு போத்தலையும் வீசாமல் வைக்கச் சொல்லுங்கள். அவை போய்விட்டால் உங்கள் வழக்கில் பாதி போய்விடும்.

பம்ப், இன்ஜெக்டர் 'எல்லாம்' மாற்ற வேண்டுமா என்பதை இன்னும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய டொல்பின் வான் ஓடிய அண்ணன்மார், கொஞ்சம் பெற்றோல் கலந்தால் மேலே டீசலை நிரப்பி ஓடு என்பார்கள். அந்த இயந்திரங்கள் ஓரளவு தாங்கின. உங்களுடையது கொமன் ரெயில், அதாவது 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் எண்ணெய் போகும் வகை. அதன் பம்ப் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளுகிறது, அதற்குள் இருக்கும் உலோகப் பாகங்களுக்கு வழுக்குத் தருவதும் அதே டீசல்தான். பெற்றோலுக்கு அந்த வழுக்கு இல்லை. உலோகம் உலோகத்தில் உரசி, தூளாகி, அந்தத் தூள் ரெயில் வழியாக இன்ஜெக்டருக்குப் போகிறது. தூள் போயிருந்தால் கராஜ்காரர் சொல்வது சரி. போகாவிட்டால், தாங்கியையும் லைன்களையும் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றுவதோடு வேலை முடியலாம்.

எது என்று பார்ப்பது கடினமில்லை. பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைச் சீலையில் ஊற்றி, வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். மினுமினு என்று வெள்ளித் தூள் தெரிந்தால் பம்ப் அரைபட்டிருக்கிறது. ஆனால் ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது. திரும்பி வரும் எண்ணெயோடு தாங்கிக்கு வந்த தூள்தான் அதில் மாட்டும். அதனால் ஃபில்டர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. பம்பில் இருக்கும் கட்டுப்பாட்டு வால்வையும் கழற்றிப் பார்க்க வேண்டும், இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் போட்டு ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் நான்கு இன்ஜெக்டருக்கும் காசு கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். மாற்றினால் பழைய சாமான்களை உங்களிடமே தரச் சொல்லுங்கள்.

இனி, பொறுப்பு. செட்காரர் சொல்வதில் துளி நியாயம் இருக்கிறது. உங்கள் வானின் உடம்பிலேயே பெற்றோலில் ஓடும் டிஆர்எச் வானும் வருகிறது. பெற்றோல் நோசில் மெல்லியது, டீசல் தாங்கியின் வாய்க்குள் தடையில்லாமல் இறங்கிவிடும். டீசல் நோசில் தடிப்பு என்பதால் மற்றப் பக்கம் இந்தப் பிழை அவ்வளவு சுலபத்தில் நடக்காது. நீங்கள் 'ஃபுல்' என்றீர்கள், 'டீசல் ஃபுல்' என்று சொல்லவில்லை. ஆனாலும் நம் நாட்டில் நோசிலைப் பிடிப்பது வாடிக்கையாளர் இல்லை, செட் ஊழியர். 'அண்ணை, டீசலா பெற்றோலா?' என்று கேட்க அரை வினாடி போதும். மூடியிலோ, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்திலோ பார்த்திருக்கலாம். சேவையை உரிய கவனத்தோடு கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. என் கணக்கில் பெரிய பங்கு அவர்களுடையது. முழுவதையும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நோசில் பிடித்த பையனோடு சண்டை போடாதீர்கள். அவன் சம்பளத்தில் கழித்துவிட்டு முதலாளி தப்பிவிடுவார். முதலாளிக்கு நேரடியாக ஒரு கடிதம் கொடுங்கள்: திகதி, நேரம், எந்தப் பம்ப், எத்தனை லீற்றர், என்ன கேட்கிறீர்கள். கொப்பி ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். அந்த நேரத்துக் கமெரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே எழுதுங்கள், புதுப் பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும். செட்டில் எந்தக் கம்பனியின் பலகை தொங்குகிறதோ அந்தக் கம்பனிக்கும் ஒரு பிரதி போகட்டும். பில்லில் 'பெற்றோல்' என்று அடித்திருந்தால் அதுவே முதல் சாட்சி. வெப்பத்தாளில் அடித்த பில் வெயிலில் மங்கிப்போகும், இன்றே போட்டோ எடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். விபரம் கேட்க 1977க்குப் போன் பண்ணலாம். மத்தியஸ்த சபையும் இருக்கிறது. சட்டத்தரணிக்குச் செலவில்லாமல் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசும் இடம் அது, இப்படிப் பங்கு பிரிக்கிற பிரச்சினைகளுக்கு நீதிமன்றத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்சூரன்ஸில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். 'ஃபுல்' என்றாலும் இயந்திரக் கோளாறைப் பல ஒப்பந்தங்கள் விலக்கித்தான் வைத்திருக்கின்றன. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை, ஆனால் வானைப் பிரிக்கும் முன்பே கேளுங்கள். பிரித்த பிறகு கேட்டால், நாங்கள் பார்க்கவில்லையே என்பார்கள்.

கேள்வி: கிண்ணியாவில் இருக்கிறேன். என் வெகன் ஆர் காருக்குத் தம்பி கானில் இருந்த டீசலைப் பெற்றோல் என்று நினைத்து ஊற்றிவிட்டான், ஐந்து லீற்றர் இருக்கும். இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை. மேலே பெற்றோலை நிரப்பினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது, தங்கச்சி. ஆனால் ஸ்டார்ட் பண்ணாததால் நீங்கள் தப்பித்தீர்கள். இனியும் பட்டனை அமர்த்த வேண்டாம், ஏசிக்காகவோ பாட்டுக்காகவோகூட வேண்டாம். 'ஒன்' நிலைக்குப் போனாலே தாங்கிக்குள் இருக்கும் மின்பம்ப் எண்ணெயை லைனுக்குத் தள்ளலாம். காரை நின்ற இடத்திலேயே விட்டு, மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டு, தாங்கியை முழுதாக இறக்கிக் கழுவச் சொல்லுங்கள். பெற்றோல் இயந்திரத்துக்குள் டீசல் போனால் பற்றாது, புகையும், பிளக்கில் கரி படியும். டீசல் இயந்திரத்துக்குள் பெற்றோல் போவதைப்போல உலோகத்தை அரைக்காது. ஆகவே பில்லும் சின்னதாகத்தான் வர வேண்டும். தாங்கி கழுவ வந்தவர் இன்ஜெக்டர் மாற்றக் கதைத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்ச யாரையும் விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் படகுக்கு எண்ணெய் மாற்றிப் பழகியவர்கள் அதைச் சர்வசாதாரணமாகச் செய்வார்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். இறக்கும் வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், அடுப்படிக்குப் பக்கத்தில் வேண்டாம். இறக்கிய கலவையை மண்ணெண்ணெய் அடுப்பிலோ விளக்கிலோ ஊற்றாதீர்கள், அதில் பெற்றோல் இருக்கிறது, குப்பென்று பிடிக்கும்.

கேள்வி: ஒக்டேன் 95 அடிக்கிற காருக்கு 92 அடித்துவிட்டேன். இறக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டும் பெற்றோல்தான். கடும் ஏற்றங்களில் அழுத்தி ஓடாமல் மெதுவாக ஓடி முடியுங்கள், அடுத்த முறை 95 அடியுங்கள். ஓடும்போது இயந்திரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.