ஆச்சி முடியாது என்றால் முடியாதுதான்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பாவோடு இருக்கிறார். அரையாண்டு லீவு விட்டதும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் குடும்பத்தோடு அங்கே போய், கிறிஸ்துமஸ் கொண்டாடி, புத்தாண்டு ஆராதனை முடிந்துதான் திரும்புவோம். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் அம்மா கையால்தான். இந்த வருஷம் திடீரென்று, "என்னால முடியாதுப்பா, கடையில வாங்கிக்கிடுங்க" என்கிறார். பேரப்பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். சமைத்துப் போடுவதுதான் அவருக்குச் சந்தோஷம், சும்மா உட்கார்ந்தால் சோர்ந்துவிடுவார். மனசு நோகாமல் எப்படி எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது? (வாசகர், சென்னை)

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள். உங்கள் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு என்ன செய்கிறது, முழங்காலா, இடுப்பா, பிரஷரா, எதனால் முடியவில்லை என்று நீங்கள் கேட்டதாக ஒரு வரி கூட அதில் இல்லை. பேரப்பிள்ளைகளின் ஏமாற்றம் இருக்கிறது, அம்மாவின் சந்தோஷம் எது என்று நீங்களே முடிவு செய்தது இருக்கிறது. "திடீரென்று" என்று எழுதியிருக்கிறீர்கள், அது உங்களுக்குத்தான் திடீரென்று. வருஷா வருஷம் செய்து பழகிய ஒரு தாய் தன் பிள்ளையிடம் முடியாது என்று வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் இரண்டு மூன்று கிறிஸ்துமஸாவது முடியாமலேயே செய்து முடித்திருப்பார்.

நீங்கள் மூன்று பலகாரத்தின் பெயரை ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள், அவை எப்படி வருகின்றன என்று நான் கொஞ்சம் எழுதுகிறேன். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வாசம் வரும்வரை நின்று வறுக்க வேண்டும், கருகிவிட்டால் அவ்வளவும் வீண். அப்புறம் திரிக்க வேண்டும், தேங்காயைத் துருவி ஈரம் போக வறுக்க வேண்டும், வெல்லத்தைப் பாகு காய்ச்சி, ஏலக்காய் சுக்கு தட்டிப்போட்டு, எல்லாவற்றையும் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும், ஏனென்றால் ஆறினால் உதிர்ந்துவிடும். அந்தச் சூடு முழுக்க உள்ளங்கைக்குத்தான். அதற்கப்புறம் மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் மும்மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். அதிரசத்துக்குப் பச்சரிசி ஊறவைத்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, பாகில் சேர்த்து, மாவு ஒன்றிரண்டு நாள் ஊறிய பிறகுதான் தட்ட முடியும். அச்சுமுறுக்கு பார்க்க லேசாக இருக்கும். அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மேல் விளிம்பு மூழ்காமல் மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் பிடித்து, கழன்று விழும்வரை ஒவ்வொன்றாகக் கை அங்கேயே நிற்க வேண்டும். நீங்கள் 24ஆம் தேதி காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கும்போது டப்பா நிறைந்திருக்க வேண்டுமானால் அவர் அதற்கு ஒரு வாரம் முன்பே அடுப்படிக்குள் போயிருக்க வேண்டும். மெத்தையை வெயிலில் போடுவது, போர்வை துவைப்பது, சிலிண்டர் பதிவு செய்வது, பரணில் கிடக்கும் பெரிய பாத்திரங்களை இறக்கித் தேய்ப்பது, இதையெல்லாம் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அப்புறம்தான் நீங்கள் வருகிறீர்கள். மார்கழிப் பனியில் விடியற்கால ஆராதனைக்கு அத்தனை பேரும் குளித்துக் கிளம்ப வேண்டும் என்றால் வெந்நீருக்கு யார் முதலில் எழுந்திருப்பார்? கோவிலில் இருந்து திரும்பியதும் இட்லியும் கறிக்குழம்பும் தட்டில் விழ வேண்டும், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. தீபாவளிக்கு எந்த வீட்டில் இருந்து என்ன வந்தது, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், யார் வீட்டில் துக்கம் நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை என்பதெல்லாம் அவர் மனசில் இருக்கிறது. அந்த ஊரில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மரியாதையில் பாதி அந்தத் தட்டுகளால் வந்தது. அதுவும் வேலைதான், ரொம்பப் பெரிய வேலை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருகிற பழக்கம் உள்ளவர் என்றால், சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டிய மாத்திரைகளும் அந்தப் பத்து நாளும் நேரம் தவறிப் போகும். குளிர்காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும், இது டாக்டர்கள் எல்லோரும் சொல்வது. அவருக்குக் கூடுதல் கவனம் தேவைப்படும் நாட்களில்தான் நாம் கூடுதல் வேலையைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

இது உங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். அப்படி வேலை செய்தவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். சாதாரண நாளின் கணக்கே இது. வீடு நிறைய ஆள் வந்திருக்கும் கிறிஸ்துமஸ் வாரத்தில் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், இறந்துபோன இல்லத்தரசிகளின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் 34 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு வருஷத்துக்கு 36,000 ரூபாய் என்று வைத்தது. அதோடு நிற்காமல் 62 முதல் 72 வயதுப் பெண்களின் உழைப்புக்கும் 20,000 ரூபாய் என்று கணக்கிட்டது. உங்கள் அம்மா அந்த வயதுக்குள் வருகிறார். தொகை சரியா தவறா என்பது வேறு விஷயம். ஆச்சிமார் வீட்டில் செய்வது உழைப்புதான் என்று நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு போடப்பட்டது என்பதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

சமைப்பது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. எழுபது வயது தாண்டியும் அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆச்சிமார் உண்டு, அவர்கள் கையில் இருந்து கரண்டியைப் பிடுங்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் அம்மா வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். வேலை இல்லாவிட்டால் சோர்ந்துவிடுவார் என்கிறீர்களே, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எந்த ஆச்சி சோர்ந்துபோவார்? அவர்கள் குடில் கட்டும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார அவருக்கு இதுவரை நேரம் கிடைத்திருக்கிறதா?

சரி, பலகாரம் வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கமே ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்துகொடுக்கும் பெண்கள் இருப்பார்கள், இப்போதே சொல்லி வையுங்கள், பேரம் பேசாமல் பணம் கொடுங்கள். இல்லை, வீட்டில்தான் செய்ய வேண்டும் என்றால் நீங்கள் மூன்று பேரும் செய்யுங்கள். ரயில் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்னாலேயே நாள் பார்த்துக் காத்திருக்கத் தெரிகிறது, ஆபீஸில் கூட இரண்டு நாள் லீவு போட்டு முன்னாடியே போவதற்கும் தெரியும். அதிரசத்தை விட்டுவிடுங்கள், முதல் தடவையே அது வராது. அச்சுமுறுக்கில் தொடங்குங்கள். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் பக்கத்தில் இருந்து பக்குவம் சொல்லட்டும், விருப்பம் இல்லையென்றால் அதற்கும் கூப்பிடாதீர்கள். தயவு செய்து, அம்மாவின் தோளில் இருந்து இறக்கியதை அப்படியே உங்கள் மனைவி தோளில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாவு கரைப்பதும், எண்ணெய் முன்னால் நிற்பதும், பிசுக்குப் பாத்திரம் கழுவுவதும் ஆண்பிள்ளைகளுக்கும் உள்ளதுதான், உங்கள் மகன் அதைப் பார்த்து வளரட்டும்.

இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போடுங்கள். பலகாரப் பேச்சை எடுக்காமல், உடம்புக்கு என்ன செய்கிறது என்று முதலில் கேளுங்கள், முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். ஊருக்குப் போனதும் டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். அப்புறம் 31ஆம் தேதி ராத்திரி. எல்லோரும் கோவிலுக்குக் கிளம்பும்போது அசந்து தூங்கும் சின்னப் பிள்ளைகளோடு ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருக்கும். இத்தனை வருஷம் தங்கியது ஆச்சிதான் என்றால், இந்த வருஷம் நீங்கள் தங்குங்கள், அவர் போய்ப் புது வருஷத்துக்கென்று ஆராதனையில் வாசிக்கும் வாக்குத்தத்த வசனத்தை, அந்த வேத வாக்கை, தன் காதால் கேட்டுவிட்டு வரட்டும்.