தாங்கிக்கொள்ளக் கற்றுத்தருவது மட்டும் சிகிச்சை இல்லை

வாசகர் கேள்வி – பதில்: மனநலம்

கேள்வி: எனக்கு வயது 41. பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாமியாருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ், மகன் பிளஸ் டூ, கணவருக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு வருடமாகவே எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. போன வாரம் கேஸ் தீர்ந்துபோனதற்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்கவே பயம். சில நாள் யார் என்ன சொன்னாலும் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. டாக்டர், பி.பி., சுகர் எல்லாம் நார்மல், ரெஸ்ட் எடுங்கள் என்கிறார். வீட்டில் “எல்லாருக்கும்தான் கஷ்டம்” என்கிறார்கள். தெரபிக்குப் போனால் சரியாகுமா? மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்து விடுவார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: ரெஸ்ட் எடுங்கள் என்று சொன்னவர், அந்த நேரத்தில் மாமியாரை டயாலிசிஸுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்றும் கேட்டிருக்க வேண்டும், சகோதரி. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அதுதான்.

அழுகை, படபடப்பு ஒரு பக்கம், மரத்துப்போவது இன்னொரு பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நெருக்கடி என்று உடம்பு எடுத்துக்கொண்டால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும். அது அடங்க இடைவெளியே கிடைக்காமல் மாதக்கணக்கில் நீண்டால் சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும், ஒரு கட்டத்தில் எதையும் உணரவிடாமல் மழுங்கடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, நிதானமாக யோசிக்க முடிகிற எல்லையை ‘விண்டோ ஆஃப் டாலரன்ஸ்’ என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் சீகல் வைத்த பெயர். உங்களுக்கு அந்த எல்லை இப்போது ரொம்பக் குறுகிக் கிடக்கிறது. மனசு பலவீனமாகிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தெரபிக்கு முன்னால் ஒரு விஷயம். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்த்தாயிற்றா? இவற்றில் குறை இருந்தாலும் இதே அலுப்பும் எரிச்சலும் வரும். நாற்பதை ஒட்டி மாதவிலக்கு முறை மாறத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சரி, தெரபியில் என்ன நடக்கும்? வழக்கமாக வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். முதல் சந்திப்பில் உங்கள் தூக்கம், சாப்பாடு, ஒரு நாள் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்கள். செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு வருகிறதா என்றும் நேராகக் கேட்பார்கள். வந்தால் மறைக்காதீர்கள். சொல்லப்போனால் அப்படி ஒரு நினைப்பு இருந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கவே வேண்டாம், இப்போதே 14416-க்குப் பேசுங்கள். அது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது உடம்பைத் தணிப்பது. பால் பொங்கும்போது முதலில் அடுப்பைக் குறைத்துவிட்டுத்தானே பாத்திரம் சின்னதா என்று பார்ப்போம்? மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், தற்கொலை எண்ணம் விடாமல் துரத்தியவர்களுக்காக உருவாக்கிய டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபியில் இதற்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் சில நொடி வைத்தால் இதயத் துடிப்பு இறங்கும் (இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது). உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக்குவதும் உதவும். இதைத் தினமும், பதற்றமில்லாத நேரத்திலும் செய்து பழக வேண்டும். அழுகை முட்டும்போது மட்டும் முயன்றுவிட்டு ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

ஆனால் இதோடு நின்றுவிடும் தெரபி எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே நான்கு பேர் சுமையைச் சுமப்பவரை இன்னும் கொஞ்சம் தாங்கப் பழக்கி அனுப்புவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. சுமையையும் எடுத்து மேஜையில் வைத்துப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ என்ற ஐந்து வார முறையைப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி அதில் ஒரு பகுதிதான். தீர்க்கக்கூடிய பிரச்சினை எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரித்து ஒவ்வொன்றாக எடுப்பது, விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை மறுபடி தொடங்குவது, துணைக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். வன்முறையால் பாதிக்கப்பட்ட பகுதியான பாகிஸ்தானின் பெஷாவரில், மன உளைச்சலில் இருந்தவர்களுக்கு, மனநலப் படிப்பு படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்களே இதை நடத்தி, பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததைக் காட்டினார்கள்.

உங்கள் விஷயத்தில் மாமியாரின் நோய் கையில் இல்லை. ஆனால் இரண்டு டயாலிசிஸ் நாளில் ஒரு நாள் யார் போவது என்பது பேசி முடிவு செய்யக்கூடியதுதான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். “எல்லாருக்கும்தான் கஷ்டம்” என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். கணவரையும் ஒரு செஷனுக்குக் கூட்டி வாருங்கள் என்று சொல்லும் தெரபிஸ்ட் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

மாத்திரை பற்றி: உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார், மனநல மருத்துவர்தான் எழுதுவார், அதுவும் எல்லாருக்கும் இல்லை. மனச்சோர்வோ பதற்ற நோயோ வேரூன்றியிருந்தால் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை தரலாம். அது தூக்க மாத்திரை கிடையாது, பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது. செலவுக்குப் பயந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது, அங்கே இலவசமாகப் பார்க்கலாம்.

கேள்வி: ஐ.டி. வேலை, வயது 27. வேலை அழுத்தம் தாங்காமல் ஆன்லைனில் கவுன்சலிங் போனேன். மூன்று செஷனிலும் “பாசிட்டிவா நினைங்க” என்றுதான் சொன்னார். தெரபி மேலேயே நம்பிக்கை போய்விட்டது.
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, நம்பிக்கை போக வேண்டியது அந்த ஒருவர் மேல் மட்டும்தான். ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டிக்கொள்ள இங்கே பெரிய தடை எதுவும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (சிகிச்சை தரும் உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. என் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், எந்த முறையில் போகப்போகிறோம், முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்று நான்கு செஷன் முடிந்தும் பதில் வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: என் மனைவி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், அப்புறம் அழுகிறாள். “என்ன உதவி வேணும், சொல்லு” என்றால் இன்னும் கோபம் வருகிறது. என்னதான் செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: உங்களுக்கு வேலை பிரித்துச் சொல்வதும் அவருக்கு ஒரு வேலையாகிவிடுகிறது, அதுதான் கோபம். கேட்காமல் ஏதாவது ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளி என்றால் ஃபீஸ் கட்டும் தேதி, யூனிஃபார்ம், பெற்றோர் கூட்டம், டீச்சரின் மெசேஜ், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது உட்பட. பள்ளியில் கொடுத்திருக்கும் போன் நம்பரை உங்கள் நம்பராக மாற்றிவிடுங்கள். அழுகை நிற்காமல், தூக்கமும் சாப்பாடும் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் நீங்களே நேரம் வாங்கி, லீவு போட்டுக்கொண்டு கூடப் போங்கள்.